நமக்குத் தெரியாத பாஷை, பிள்ளைக்குப் பாடம்

தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் சில பள்ளிக்கூடங்களில் ஆறாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் என்று ஏதாவது ஒரு வெளிநாட்டு மொழியை எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தருகிறார்கள். பிள்ளைகளும் ஆசையோடு எடுத்துக்கொள்கிறார்கள். முதல் டெஸ்ட் பேப்பர் கையெழுத்துக்கு வீட்டுக்கு வரும்போதுதான் பெற்றோருக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. "கணக்கு என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிடலாம் சார், இந்தியைக்கூட ஒரு மாதிரி சமாளிக்கலாம். எங்களுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாத பாஷைக்கு என்ன செய்வது?" என்று நம் சங்கத்துக்கு வரும் இளம் பெற்றோர் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதோடு சேர்ந்து இன்னொரு கேள்வியும் வரும்: "பிள்ளைக்குப் பாரம் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிடலாமா?"

இரண்டும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும், ஒன்றின் பதில் மற்றொன்றில் இருக்கிறது என்பது என் அனுபவம். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

நான் பாஷை வாத்தியார் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து, ஜான்சி, ஆக்ரா, தில்லி என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகளும் மாப்பிள்ளையும் வேலையிலிருந்து திரும்ப இரவு எட்டு மணியாகிவிடுவதால், பேத்தியின் மாலைப் பாடம் என் பொறுப்பு. அவள் இப்போது ஏழாம் வகுப்பு. ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து இது இரண்டாவது வருஷம். இந்த இரண்டு வருஷத்தில் என்னென்ன உபயோகப்பட்டன என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வாத்தியார் வேலை வேறு, நம் வேலை வேறு

சிக்னல்காரனுக்கு எஞ்சின் ஓட்டத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் எஞ்சின் நகராது. தெரியாத பாஷையைப் படிக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் செய்ய வேண்டியதும் அப்படிப்பட்ட வேலைதான். புதிய பாடத்தைச் சொல்லித் தருவது பள்ளி ஆசிரியையின் வேலை. சொல்லித் தந்ததைப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கிறதா, நேற்றைய வார்த்தைகள் இன்றும் நினைவில் இருக்கின்றனவா, எது புரிந்தது, எது புரியவில்லை என்று பார்ப்பது நம் வேலை. இதற்குப் பாஷை தெரிய வேண்டியதில்லை. காதும், ஒரு தாளும், தினம் இருபது நிமிஷமும் போதும்.

ரயில் எஞ்சினில் லோகோ பைலட்டும் உதவி பைலட்டும் எதிரே வரும் ஒவ்வொரு சிக்னலையும் கண்ணால் பார்ப்பதோடு விட்டுவிட மாட்டார்கள். அதன் நிலையை வாய்விட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மௌனமாகப் பார்த்தால் கவனம் தப்பக்கூடும்; வாய்விட்டுச் சொன்னால் தப்பாது. பாஷைப் பாடத்துக்கும் இதே விதிதான். பிள்ளை உதட்டுக்குள் முணுமுணுத்துவிட்டு "படிச்சாச்சு தாத்தா" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அரைப் பக்க விதிகள்

"படிப்பது சரியா தப்பா என்று நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். இங்கேதான் ஸ்பானிஷ் நமக்குப் பெரிய சௌகரியம் செய்து தருகிறது. இங்கிலீஷில் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று. ஸ்பானிஷில் அநேகமாக எழுதியபடியே படிக்கலாம். விதிகள் அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். அவற்றை ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டால், அர்த்தம் தெரியாமலே பிள்ளை படிப்பதை விரலால் தொடர்ந்து சரிபார்க்கலாம். என் தாளில் உள்ளவை இவை:

1. உயிரெழுத்து ஒலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. எந்த வார்த்தையில் வந்தாலும் அதே ஒலி. இங்கிலீஷ் போல இழுத்து வளைக்கக் கூடாது.

2. 'எச்' எழுத்துக்கு ஒலி கிடையாது. வணக்கம் சொல்லும் வார்த்தை 'எச்' எழுத்தில் தொடங்கினாலும் 'ஓலா' என்றே படிக்க வேண்டும்.

3. 'ஜே' எழுத்துக்குத் தொண்டையிலிருந்து வரும் அழுத்தமான 'ஹ' ஒலி. 'ஜி' எழுத்துக்குப் பின்னால் 'இ' அல்லது 'ஈ' எழுத்து வந்தாலும் இதே ஒலிதான்.

4. 'சி' எழுத்து பொதுவாக 'க'. அதற்குப் பின்னால் 'இ' அல்லது 'ஈ' எழுத்து வந்தால் லத்தீன் அமெரிக்காவில் 'ஸ'. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் காற்றொலி. 'இசட்' எழுத்துக்கும் அப்படியே.

5. 'பி', 'வி' என்று இரண்டு எழுத்து இருந்தாலும் ஒலி ஒன்றுதான். பசுவுக்கு 'வி' எழுத்துப் போட்டு எழுதினாலும் 'பாக்கா' என்றே சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் 'வாக்கா' என்பார்கள், திருத்துங்கள்.

6. இரட்டை 'எல்' பெரும்பாலான இடங்களில் 'ய' ஒலி. சாவிக்கு 'யாவே'.

7. 'என்' எழுத்தின் தலையில் வளைகோடு இருந்தால் அது நம் 'ஞ'. நாளைக்கு 'மஞானா'.

8. வார்த்தை உயிரெழுத்திலோ 'என்', 'எஸ்' எழுத்திலோ முடிந்தால் அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில். வேறு எழுத்தில் முடிந்தால் கடைசி அசையில். இதற்கு மாறாக வரும் இடத்தில் உயிரெழுத்தின் மேல் சாய்கோடு போட்டிருப்பார்கள். அங்கே அழுத்த வேண்டும்.

எட்டாவது விதியைப் பிள்ளைகள் அலட்சியம் செய்வார்கள். "ஒரு சின்னக் கோடுதானே" என்பார்கள். 'பப்பா' என்று கடைசி அசையை அழுத்திச் சொன்னால் அப்பா. கோட்டை விட்டுவிட்டு முதல் அசையை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு! இதைச் சொன்ன நாளிலிருந்து என் பேத்தி கோட்டை மறப்பதில்லை.

பழைய புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்பானிஷ் எழுத்துகள் 29 என்று அதில் போட்டிருக்கலாம். ஸ்பானிஷ் மொழிக்கான அகாதமி (1713இல் தோன்றியது) 2010இல் வெளியிட்ட எழுத்து விதிகளின்படி 27தான். பரீட்சையில் 27 என்றே எழுதச் சொல்லுங்கள்.

தமிழ் நாக்கு எங்கே உதவுகிறது

இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளை, ரோமன் எழுத்தைக் கண்டதும் இங்கிலீஷ் ஒலியை வாயில் கொண்டுவந்துவிடும். அந்த 'ட'வை விட்டுவிட்டு 'தாத்தா' என்று சொல்வதுபோல் பல்லில் நாக்கு பட 'த' சொல்லச் சொல்லுங்கள்; ஸ்பானிஷ் 'டி' எழுத்து அதுதான். 'க', 'ப' ஒலிகளும் காக்கா, பாப்பா என்பதில் வருவது போலக் காற்று வெடிக்காமல் வர வேண்டும்.

இன்னொரு நயமான விஷயம். பாலாடைக்கு ஸ்பானிஷில் 'நாத்தா'. 'ஒன்றுமில்லை' என்பதற்கு 'நாதா'. இரண்டாவதில் வரும் ஒலி, நாம் 'பாதை' என்று சொல்லும்போது வரும் மென்மையான 'த'. 'பாத்தி', 'பாதி' இரண்டையும் தடுமாறாமல் சொல்லும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தானாக வரும்.

அடுத்தது ர, ற. 'பெரோ' என்று இடையின ரகரம் போட்டால் 'ஆனால்' என்று அர்த்தம். 'பெறோ' என்று நாக்கை உருட்டி அழுத்தினால் நாய். எழுத்தில் ஒற்றை 'ஆர்', இரட்டை 'ஆர்' என்று வேறுபடும். நம்மிலும் 'கரை', 'கறை' என்று எழுத்தில் வேறுபாடு இருக்கிறது; பேச்சில் பலர் கைவிட்டுவிட்டோம். ஸ்பானிஷ்காரர்கள் கைவிடவில்லை. தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு "இது கரையில் வரும் ர, இது கறையில் வரும் ற" என்று ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

ஆனால் ஒன்று. பாட நோட்டில் ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் எழுதப் பழக்காதீர்கள். உங்கள் தாளில் உங்கள் வசதிக்கு எழுதிக்கொள்ளலாம். பிள்ளை அந்த மொழியின் எழுத்திலேயே பார்த்துப் பழக வேண்டும்.

தமிழ் இலக்கணம் கைகொடுக்கும் இடங்கள்

'பேசுகிறேன்' என்று சொன்னால் போதும், 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார். இங்கிலீஷில் இது கிடையாது. ஸ்பானிஷில் உண்டு. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்', பேசுகிறாய், 'ஆப்லா', பேசுகிறான் அல்லது பேசுகிறாள், 'ஆப்லாமோஸ்', பேசுகிறோம், 'ஆப்லாய்ஸ்', நீங்கள் பலர் பேசுகிறீர்கள், 'ஆப்லான்', பேசுகிறார்கள். 'ஆப்லாய்ஸ்' ஸ்பெயினில் மட்டும் வழங்குவது. லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்திலும் 'ஆப்லான்' என்றே சொல்வார்கள்.

இந்த ஆறு வால்களைத்தான் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய முடியாமல் திணறுவார்கள். இங்கிலீஷ் வழியாக யோசித்தால் திணறல் இயற்கை. அங்கே இப்படி ஒன்று இல்லையே! தமிழ் வழியாகப் பாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள். நான் தமிழில் 'பேசுகிறோம்' என்பேன். பேத்தி ஸ்பானிஷில் பதில் சொல்வாள். நான் அட்டவணையைப் பார்த்துச் சரி, தப்பு சொல்வேன். பாஷை தெரியாதவர் நடத்தக்கூடிய பரீட்சைகளில் இதைவிடச் சுலபமானது எனக்குத் தெரிந்து இல்லை.

மரியாதை விஷயமும் அப்படியே. 'தூ' என்றால் நீ. 'உஸ்தெத்' என்றால் நீங்கள். இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே சொல். வகுப்பு ஆசிரியையிடம் எதைச் சொல்வது, தோழியிடம் எதைச் சொல்வது என்று நம் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். "எனக்கு மாம்பழம் பிடிக்கும்" என்பதில் 'நான்' எழுவாய் அல்ல. 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். ஸ்பானிஷிலும் 'மே குஸ்தா எல் மாங்கோ'. 'மே' என்பது எனக்கு. "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதற்கு 'மே துவேலே லா கபேஸா'. எனக்கு, வலிக்கிறது, தலை. வரிசை மாறியிருக்கிறதே தவிர அமைப்பு நம்முடையதுதான். இங்கிலீஷில் மாம்பழத்தை 'நான்' விரும்ப வேண்டும், தலைவலியை 'நான்' வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வழியாகப் போகும் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் தடுக்கி விழுகிறார்கள். தமிழ் வழியாக வந்தால் நேர்ப்பாதை. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: மாம்பழம் பலவாக இருந்தால் வினை 'குஸ்தான்' என்று பன்மையாகிவிடும். நம் 'பிடிக்கும்' மாறுவதில்லை.

வயது சொல்வதையும் கவனியுங்கள். இங்கிலீஷைப் பார்த்து எழுதும் பிள்ளை 'நான் பன்னிரண்டு' என்று எழுதிவிடும். ஸ்பானிஷில் 'தெங்கோ தோஸே ஆஞோஸ்'. எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் உண்டு என்று பொருள். இதையும் தமிழில் கேட்டுவிட்டு எழுதச் சொன்னால் தவறு குறையும்.

'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள்: 'ஸேர்', 'எஸ்தார்'. இது எல்லா மாணவருக்கும் தலைவலி. "அவர் டாக்டர்" என்று வினையே இல்லாமல் தமிழில் முடியும் இடத்தில் அநேகமாக 'ஸேர்' வரும். "அவர் வீட்டில் இருக்கிறார்", "அவள் களைப்பாக இருக்கிறாள்" என்று 'இரு' தேவைப்படும் இடத்தில் 'எஸ்தார்' வரும். இது முழு விதி அல்ல. "அவள் உயரமாக இருக்கிறாள்" என்பதற்கு 'ஸேர்'தான். உயரம் அவளுடைய நிலையான குணம் என்பது அவர்கள் கணக்கு. ஆரம்பத்தில் பிடித்துக்கொண்டு நடக்க இந்தக் கைப்பிடி போதும். மற்றதை ஆசிரியை சொல்லித் தருவார்.

தமிழ் உதவாத இடத்தில் இந்தி

ஸ்பானிஷில் மேஜைக்கும் புத்தகத்துக்கும்கூட ஆண்பால், பெண்பால் உண்டு. அஃறிணையை அஃறிணையாகவே விட்டுவைத்த தமிழ் இங்கே துணைக்கு வராது. ஆனால் தில்லியில் வளரும் பிள்ளைக்கு இந்தி தெரியும். பொருளுக்குப் பால் இருப்பது அதற்குப் புதிதல்ல. இந்தியில் பெண்பாலாக இருப்பது ஸ்பானிஷிலும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மேஜை இரண்டிலும் பெண்பால். புத்தகம் இந்தியில் பெண்பால், ஸ்பானிஷில் ஆண்பால். ஆகவே வார்த்தையைத் தனியாகப் படிக்க விடாமல், 'லா மேஸா', 'எல் லிப்ரோ' என்று முன்னொட்டோடு சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். 'ஆ'வில் முடிந்தால் பெண்பால், 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால் என்பது பொதுவாகச் சரி. 'எல் மாப்பா', 'எல் தீயா', 'லா மானோ' போன்ற விலக்குகளுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். முறையே வரைபடம், நாள், கை.

எண்களிலும் இந்தி உதவும். 'தோஸ்', 'த்ரெஸ்', 'ஸியேத்தே', 'ஓச்சோ', 'நுவேபே', 'தியேஸ்' என்பவற்றை இந்தியின் தோ, தீன், சாத், ஆட், நௌ, தஸ் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பெரிய மொழிக் குடும்பத்தின் தூரத்து உறவுகள்.

பெயருக்குப் பின்னால் அடைமொழி வருவது இரண்டுக்கும் புதிது. நாம் 'சிவப்புப் பூ' என்போம். அவர்கள் 'பூ சிவப்பு' என்பார்கள். 2016இல் ஸ்பெயின் நாட்டு டால்கோ ரயிலை இங்கே கொண்டுவந்து மதுரா–பல்வல் பாதையில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள், நினைவிருக்கலாம். 'டால்கோ' என்பது ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துகள்: 'த்ரென் ஆர்த்திகுலாதோ லிஹேரோ கொய்கோச்சேயா ஓரியோல்'. 'த்ரென்' என்றால் ரயில். அதன் பின்னால் 'மூட்டு வைத்து இணைத்த', 'இலேசான' என்று இரண்டு அடைமொழிகள். கடைசி இரண்டும் அதை வடிவமைத்த எஞ்சினீயர் பெயரும் பணம் போட்டவர் பெயரும். பேத்திக்கு இந்தப் பெயரைப் பிரித்துக் காட்டியதில் அடைமொழிப் பாடம் முடிந்தது. உங்கள் தொழிலில் உங்களுக்கும் இப்படி ஒரு பெயர் கிடைக்கலாம். மருந்துக் கம்பெனியில் இருப்பவருக்கு மருந்துப் பெயர், சமையலில் ஆர்வம் உள்ளவருக்குப் பலகாரப் பெயர்.

வீட்டிலேயே இருக்கும் வார்த்தைகள்

போர்ச்சுகீசியர் நம் கடற்கரையில் விட்டுப்போன வார்த்தைகள் தமிழில் நிறைய உண்டு. போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் உடன்பிறந்த மொழிகள். ஆதலால் நம் வீட்டுச் சாமான்கள் சிலவற்றுக்கு ஸ்பானிஷ் பெயர் பாதி தெரிந்தே இருக்கிறது. மேசை, 'மேஸா'. அலமாரி, 'அர்மாரியோ'. பீப்பாய், 'பீப்பா'. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, அங்கேயும் 'ஆயா'. இலங்கைத் தமிழர் காலணியைச் சப்பாத்து என்பார்கள், ஸ்பானிஷில் 'ஸப்பாத்தோ'. பாதிரியார் என்ற சொல்லுக்கு உறவான 'பாத்ரே', அப்பாவையும் குறிக்கும், குருவானவரையும் குறிக்கும். பப்பாளி, 'பப்பாயா', கொய்யா, 'குவயாபா'. இவ்விரண்டு பழமும் பெயரும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. தண்டவாளத்தில் கேங்க்மேன்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரிக்கு உறவுச்சொல் 'மாயெஸ்த்ரோ'. ஆசிரியர் என்று அர்த்தம்.

எல்லாமே பொருந்தும் என்று எண்ண வேண்டாம். ஜன்னல் போர்ச்சுகீசிலிருந்து வந்தது. ஸ்பானிஷில் அதற்கு 'பெந்தானா' என்று வேறு சொல். எப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். "அந்நிய பாஷை" என்ற பயம் பாதி போய்விடும்.

தினம் இருபது நிமிஷம்

எங்கள் வீட்டு ஏற்பாடு இது. முதல் ஐந்து நிமிஷம் பாடத்தைச் சத்தமாகப் படிப்பது. நான் விதித்தாளோடு விரல் வைத்துத் தொடர்வேன். அடுத்த ஐந்து நிமிஷம் வார்த்தைச் சீட்டு. மூன்றாவது ஐந்து நிமிஷம் மேலே சொன்ன வினை அட்டவணை. கடைசி ஐந்து நிமிஷம் அவள் எனக்கு வாத்தியார்: அன்றைய பாடத்தைத் தமிழில் எனக்கு விளக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாளோ அங்கே அவளுக்கே புரியவில்லை என்று தெரிந்துவிடும். அதை ஒரு சீட்டில் குறித்து, மறுநாள் ஆசிரியையிடம் கேட்டு வரச் சொல்வேன்.

வார்த்தைச் சீட்டுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கம் ஸ்பானிஷ், மறுபக்கம் தமிழ். மூன்று டப்பாக்கள் வைத்துக்கொள்ளுங்கள். புதிய சீட்டு முதல் டப்பாவில்; அதை தினமும் கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவது டப்பாவுக்குப் போகும்; வாரம் இருமுறை கேட்டால் போதும். அங்கும் சரியானால் மூன்றாவது. வாரம் ஒரு முறை. எந்த டப்பாவில் தப்பு வந்தாலும் சீட்டு முதல் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் எழுதிய ஒரு ஜெர்மன் புத்தகத்தின் மூலம் பரவிய முறை இது. அவர் சொன்னது ஐந்து அறைகள், எங்களுக்கு மூன்றே போதும். சிக்னல் பராமரிப்பில் அடிக்கடி பழுதாகும் பாயிண்ட்டை அடிக்கடி போய்ப் பார்ப்போம். ஒழுங்காக இருப்பதை அட்டவணைப்படி பார்ப்போம். அதே கணக்குதான்.

கைப்பேசியில் மொழிபெயர்த்துத் தரும் வசதி பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பாடத்தை அது ஒரு நிமிஷத்தில் செய்து கொடுத்துவிடும். பரீட்சை ஹாலில் அது இருக்காது. முதலில் பிள்ளை சொந்தமாக எழுத வேண்டும். பிறகு கைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று ஆசிரியையிடம் கேட்கலாம். இந்த வரிசை மாறக் கூடாது. உச்சரிப்பைக் கேட்க மட்டும் கைப்பேசியைத் தாராளமாக உபயோகியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு வராமல், சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். உச்சரிப்பு ஸ்பெயின் முறையா, லத்தீன் அமெரிக்க முறையா? பாடப் புத்தகத்துக்கு ஒலிப்பதிவு உண்டா? பரீட்சையில் எழுத்துக்கு எவ்வளவு, பேச்சுக்கு எவ்வளவு? மிக முக்கியமாக, இந்த மொழியை எந்த வகுப்பு வரை தொடர முடியும்?

கடைசிக் கேள்வியை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பிள்ளை படிக்கும் மூன்று மொழிகளில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஸ்பானிஷ் அந்த மூன்றுக்குள் வருகிறதா, கூடுதல் பாடமா என்பதைத் தெளிவாகக் கேட்டு அறிந்துகொள்வது நல்லது. 2014 நவம்பரில் கேந்திரிய வித்யாலயாக்களில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மனை ஆண்டின் நடுவிலேயே எடுத்துவிட்டு சமஸ்கிருதம் வைத்ததும், பெற்றோர் தவித்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

பள்ளியில் நின்றுபோனாலும் வெளியே தொடர வழி உண்டு. ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் 2009 முதல் புதுதில்லியில், கன்னாட் பிளேஸ் பக்கம் ஹனுமான் சாலையில் நடந்துவருகிறது. 'டெலே' என்ற ஸ்பானிஷ் தகுதிச் சான்றிதழை வழங்குவது இந்த நிறுவனம்தான். 11 முதல் 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அதில் தனித் தேர்வு உண்டு. சான்றிதழ் காலாவதி ஆவதில்லை.

டியூஷன் வேண்டுமா என்றால், முதல் ஆறு மாதம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பிறகும் பிள்ளைக்கு ஒரு பத்தியைத் தடையில்லாமல் படிக்க வரவில்லை என்றால் யோசிக்கலாம். என் பேத்தியின் வகுப்பில் ஆண்டின் நடுவில் ஆசிரியை மாறி, ஆறு வாரம் பாடமே நடக்கவில்லை. அப்போதுகூட இந்த இருபது நிமிஷமும் சீட்டு டப்பாக்களும்தான் படித்ததை மறக்காமல் காப்பாற்றின.

தமிழ் வகுப்பை நிறுத்தலாமா?

இப்போது இரண்டாவது கேள்வி. மேலே எழுதியதை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். ஞகரம், ர–ற வேறுபாடு, வினையின் வால், நீ–நீங்கள், எனக்குப் பிடிக்கும், எனக்கு வலிக்கிறது: ஸ்பானிஷ் தெரியாத நான் ஸ்பானிஷ் படிக்கும் பிள்ளைக்கு உதவியது இவற்றை வைத்துத்தான். இவையெல்லாம் தமிழ். அந்தத் தமிழைப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிட்டால், நம் கையில் உள்ள ஒரே கருவியை நாமே தூக்கி எறிந்தது போலாகும். பிறகு டியூஷன் மாஸ்டரைத் தேடிப் போவதைத் தவிர வழியில்லை.

நேரக் கணக்கும் பாருங்கள். தினம் இருபது நிமிஷம், வாரம் ஆறு நாள். மொத்தம் இரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்றரை மணி. இரண்டும் சேர்ந்து மூன்றரை மணி. வாரத்தின் 168 மணியில் இதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. டெலிவிஷனும் கைப்பேசியும் எடுத்துக்கொள்வதை எழுதிக் கூட்டிப் பார்த்தால் தெரியும்.

என் மகளும் தமிழ் வகுப்பை நிறுத்தலாமா என்று கேட்டவள்தான். ஆறு மாதம் பொறுத்துப் பார் என்றேன். அந்த ஆறு மாதத்தில் பேத்தி 'எனக்கு, உனக்கு, அவளுக்கு' என்று ஒரு பக்கமும், அவற்றுக்கு நேராக ஸ்பானிஷ் சொற்களை மறுபக்கமும் தானாகவே எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள். தமிழில் 'எனக்கு' என்பதில் எத்தனை 'க்' என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டு எழுதினாள். அதைப் பார்த்த பிறகு மகள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. 50 கோடிக்கு அருகில் தாய்மொழியாகப் பேசுகிறார்கள். அதைப் படிப்பது நல்லது. இன்று விட்டுப்போனாலும் கல்லூரியிலோ வேலையில் சேர்ந்த பிறகோ அதை எடுத்துக்கொள்ளலாம். சொல்லித் தர ஆயிரம் பேர் இருப்பார்கள். ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு, வீட்டில் தமிழைச் சொல்லித் தர நம்மைத் தவிர யாரும் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைமையே இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான் மொழி படிக்கும் பிள்ளைகள் உள்ள அன்பர்களும், அந்த மொழிகளில் தமிழ் எங்கே உதவுகிறது, எங்கே உதவவில்லை என்று எழுதி நம் இதழுக்கு அனுப்பினால் எல்லாருக்கும் பயன்படும். விதிகள் எழுதிய அரைப் பக்கத் தாள் வேண்டுமானால் சங்க நூலகத்தில் ஒரு பிரதி கொடுத்து வைத்திருக்கிறேன், நகல் எடுத்துக்கொள்ளலாம்.